மகளை டிரைவிங் கிளாசுக்கு அனுப்புகிறேன், என்ன எதிர்பார்க்கலாம்?

பினாங்கு கெலுகோரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"மகளுக்கு 17 வயது, எஸ்.பி.எம் பரீட்சை முடித்துவிட்டாள். லைசன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 'கேரண்டி பேக்கேஜ் போட்டுக் கட்டிவிடு, பாஸ் ஆகிவிடும்' என்கிறார் கணவர். நான் காடி ஓட்டியதே இல்லை, அந்த வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. முடித்த பிறகு அவளே பினாங்குப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த் பக்கம் காலேஜுக்கு ஓட்டிப் போய்விடுவாளா? சொல்லிக்கொடுப்பவர்கள் கத்துவார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண்பிள்ளை தனியாக உட்கார வேண்டுமே, அதுவும் பயமாக இருக்கிறது. ஓட்டோ கியர் எடுப்பதா மேனுவல் கியர் எடுப்பதா?"

சகோதரி, பாலத்துக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டிப் போக மாட்டாள். கையில் லைசன்ஸ் வந்த கையோடு தனியாக அனுப்பவும் அனுப்பாதீர்கள். பினாங்கில் டிரைவிங் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவன் நான், என் பிழைப்பை நானே குறைத்துப் பேசுவதாகத் தெரியும், பரவாயில்லை. எங்கள் வகுப்பு உங்கள் மகளை ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) டெஸ்டுக்குத் தயார் செய்யும். சாலைக்குத் தயார் செய்வதில் பாதி வேலை அதற்கப்புறம் உங்கள் வீட்டில் நடக்க வேண்டியது. இது தெரிந்து பணம் கட்டுகிற பெற்றோர் எங்களிடம் சரியான கேள்விகளைக் கேட்கிறார்கள், தெரியாதவர்கள் "எத்தனை நாளில் முடியும்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, வரிசையாகப் பார்ப்போம். காருக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும் (மோட்டார் சைக்கிளுக்கு 16), அது ஆகிவிட்டது. முதலில் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து நடத்துவார்கள், கே.பி.பி 01 என்பது அதுதான். ஏர்கோன் ரூம், புரொஜெக்டர், சாலை விதிகள், அடையாளப் பலகைகள், விபத்து வீடியோ சிலது. பாதிப் பிள்ளைகள் மேசைக்கடியில் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அப்புறம் கம்ப்யூட்டரில் டெஸ்ட், எல்லோரும் உண்டாங் என்று சொல்வது. 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் பாஸ், நிறக்குருடு பரிசோதனையும் உண்டு. தமிழிலும் எழுதலாம். ஆனால் உங்கள் மகள் இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தவள் என்றால் மலாயிலேயே எழுதட்டும் என்பது என் கருத்து. சாலையில் அவள் பார்க்கப்போகும் பலகையில் "பெரி லாலுவான்" (வழிவிடு) என்றும் "அவாஸ்" (கவனம்) என்றும்தானே எழுதியிருக்கிறது.

இந்த டெஸ்டில் தேறாமல் போகிற பிள்ளைகள் குறைவு, ஏனென்றால் மாதிரிக் கேள்விகள் போனிலேயே கிடைக்கின்றன, விடையை மனப்பாடம் செய்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ரவுண்டபோட்டில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சரியாக டிக் செய்த அதே பிள்ளை, இரண்டு வாரம் கழித்து என்னோடு உண்மையான ரவுண்டபோட் வாயில் வந்து நிற்கும்போது இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வீட்டில் நீங்கள் ஒன்று செய்யலாம், காடி ஓட்டத் தெரியாவிட்டாலும் செய்யலாம். அப்பா ஓட்டும்போது மகளை முன்சீட்டில் உட்கார வையுங்கள், போனை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டு, "இப்போ யாருக்கு வழி? அந்தப் பலகை என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். கிரீன் லேனில் ஒரு தடவை போய்வந்தாலே பாதிப் புத்தகம் முடிந்துவிடும்.

உண்டாங் பாஸ் ஆனதும் எல் லைசன்ஸ், அதாவது பழகுகிறவர்களுக்கான லைசன்ஸ் எடுப்பார்கள். இந்த இடத்தில் அப்பாமார்கள் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "எல் வந்துவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை நானே பழக்குகிறேன்" என்று பிள்ளையைச் சாலையில் இறக்கிவிடுகிறார்கள். கூடாது. எல் வைத்திருப்பவர் ஓட்டும்போது பக்கத்தில் அனுமதி பெற்ற பயிற்றுநர் இருக்க வேண்டும், வெறும் லைசன்ஸ் உள்ள அப்பா போதாது. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்சும் கைவிரித்துவிடும். எங்கள் வண்டியில் என் கால் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது, உங்கள் வீட்டு மைவி காடியில் அது இல்லை.

அடுத்தது சர்க்கிட், அதாவது பயிற்சித் திடல். பிள்ளைகள் அழுவதும் சிரிப்பதும் இங்கேதான். பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணெய் எங்கே, ரேடியேட்டர் தண்ணீர் எங்கே, பிரேக் எண்ணெய் எங்கே என்று காட்டிச் சொல்ல வேண்டும், அப்புறம் சீட், பெல்ட், கண்ணாடி எல்லாம் சரிசெய்து உட்கார வேண்டும். அதன்பிறகு மேடு, சைட் பார்க்கிங், மூன்று பாயிண்ட் திருப்பம்.

மேனுவலில் மேடுதான் பூதம். ஏறி, நடுவில் கோட்டுக்குள் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்துவிடும், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், அந்த இடத்தில் காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றால், ஹேண்ட்பிரேக்கை இறக்கும் அதே நொடியில் பயத்தில் இடது காலையும் எடுத்துவிடுவார்கள், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் செத்துவிடும். பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அந்த வெட்கத்தில் அடுத்த தடவை இன்னும் வேகமாகக் காலை எடுப்பார்கள். மகள் அன்று வீட்டுக்கு வந்து "எனக்கு வராது" என்று கதவைச் சாத்திக்கொண்டால் அது இந்த மேட்டால்தான், பயப்படாதீர்கள். கால் பழகும், தலையில் ஏற்றுகிற பாடம் இல்லை இது.

சைட் பார்க்கிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வகுப்பு என்ன தருகிறது என்ன தராது என்பது இதில் அப்பட்டமாகத் தெரியும். நாங்கள் சொல்லித்தருவது குறி. "பின்கண்ணாடியின் இந்த மூலையில் அந்தக் கம்பம் தெரிகிறதா, நிறுத்து. ஸ்டியரிங் முழுசாகத் திருப்பு. இப்போது சைட் மிரரில் கோடு தெரிகிறதா, நேராக்கு." சில வண்டிகளில் கண்ணாடியில் சின்ன ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். நான்கு கம்பமும் அதே இடத்தில் இருக்கிறது, வண்டியும் அதே வண்டி, ஆகவே ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்கு வந்துவிடுவார்கள். டெஸ்டில் முழுப் புள்ளி. அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக் காடியில் ஏற்றி, ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் இரண்டு வேனுக்கு நடுவில் போடச் சொல்லுங்கள், திருதிருவென்று விழிக்கும். அங்கே கம்பமும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை.

இதற்காக எங்களைத் திட்டாதீர்கள், டெஸ்ட் கேட்பதை நாங்கள் சொல்லித்தருகிறோம். ஆனால் நல்ல பயிற்றுநர் யார் என்று கண்டுபிடிக்க இது ஒரு வழி. குறி சொல்லிக்கொடுத்த பிறகு, "ஏன் இந்த இடத்தில் திருப்புகிறோம், வண்டியின் பின்சக்கரம் எங்கே போகும்" என்று ஒரு தடவையாவது விளக்குகிறாரா என்று மகளிடம் கேளுங்கள்.

சர்க்கிட் கை பழகியதும் சாலைக்கு அழைத்துப் போவோம். டெஸ்ட் நடக்கும் பாதையைச் சுற்றிச் சுற்றித்தான் பெரும்பாலும் ஓட்டம், எந்த முனையில் சிக்னல் போடணும், எங்கே வேகம் குறைக்கணும் என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி ஆகிவிடும். பகல் நேரம், வெயில், மணிக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர். இரவில் ஓட்டியிருக்க மாட்டார்கள். கொட்டும் மழையில் ஓட்டியிருக்க மாட்டார்கள், மழை வந்தால் சில இடங்களில் வகுப்பையே தள்ளிப்போடுகிறார்கள். ஹைவேயில் 110 வரை போகும் வண்டிகளுக்கு நடுவே நுழைந்து பழகியிருக்க மாட்டார்கள். பினாங்கில் லைசன்ஸ் எடுத்த பிள்ளை ஜாலான் துன் சார்டோனில் பாலேக் பூலாவுக்கு வளைந்து வளைந்து ஏறி இறங்கியிருக்குமா என்றால் அதுவும் இருக்காது.

ஜே.பி.ஜே டெஸ்டுக்கு முன்னால் கியூ.டி.ஐ என்று ஒரு ஒத்திகை டெஸ்ட் இருக்கிறது, பள்ளியே நடத்துவது. அதில் தேறினால்தான் ஜே.பி.ஜேக்குப் பெயர் கொடுப்பார்கள். ஜே.பி.ஜே டெஸ்டில் சர்க்கிட்டில் தவறினால் சர்க்கிட்டை மட்டும், சாலையில் தவறினால் சாலையை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். ஒரு தடவை தவறுவது சர்வ சாதாரணம், குடும்ப மானம் எல்லாம் போகாது.

மொத்தம் எவ்வளவு நாள்? எஸ்.பி.எம் முடிந்த மாதங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வந்து விழுகிறார்கள், வகுப்பை விட டெஸ்ட் தேதிக்குக் காத்திருப்பதுதான் அதிகம். இரண்டு மூன்று மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நீண்ட நாள் ஓட்டாமல் விட்டால் கால் மறந்துவிடும், ஆகவே டெஸ்டுக்கு முந்தின வாரம் ஒன்றிரண்டு வகுப்பு கேட்டு வாங்குங்கள். எல் லைசன்ஸ் தேதி முடிந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவர் சொல்லும் கேரண்டி பேக்கேஜ். இந்தப் பெயரில் இரண்டு விஷயம் விற்கிறார்கள். தேறாமல் போனால் மறு டெஸ்டுக்கும் கூடுதல் வகுப்புக்கும் பள்ளியே செலவு ஏற்கும் என்பது ஒன்று. அது நியாயமான வியாபாரம், எழுத்தில் வாங்கிக்கொண்டு தாராளமாகக் கட்டலாம். மற்றது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கோப்பி-ஓ லைசன்ஸ், லஞ்சம் கொடுத்து வாங்குவது. "டெஸ்டுக்கு வந்து உட்கார்ந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அப்படி யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்கியவருக்கு மட்டும் தண்டனை என்று இல்லை, கொடுத்தவருக்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், உங்கள் கணவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மேட்டில் நிறுத்தத் தெரியாத பிள்ளைக்குக் காசு கொடுத்து லைசன்ஸ் வாங்கி, பாயா தெருபோங் மேட்டில் லோரிக்கு முன்னால் நிறுத்தப் போவது யாருடைய பிள்ளை?

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சொல்லும் விலையில் என்னென்ன அடக்கம், டெஸ்ட் அன்று வண்டி வாடகை அதிலா தனியா, வீட்டுக்கு வந்து ஏற்றிப் போவார்களா, மறு டெஸ்ட் எவ்வளவு, பயிற்றுநரை மாற்றக் கேட்டால் காசு பிடிப்பார்களா. முழுத்தொகையையும் முதல் நாளே கட்டாதீர்கள், கட்டம் கட்டமாகக் கட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது. அந்தப் பயிற்சி மையம் ஜே.பி.ஜே அனுமதி பெற்றதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தாமானில் "நான் ஏஜென்ட், மலிவாக முடித்துத்தருகிறேன்" என்று திரியும் ஆளிடம் ரொக்கம் கொடுத்துவிட்டு, போன் எடுக்கமாட்டேன் என்கிறான் என்று பின்னால் என்னிடம் வந்து புலம்பும் பெற்றோர் உண்டு.

கத்துவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஆட்களில் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. நாள் முழுக்க வெயிலில், கிளட்சைக் கொல்லும் ஒரு பிள்ளை இறங்கினால் அடுத்த பிள்ளை ஏறும், ஆளுக்குக் கோபம் வரும். "பிரேக்! பிரேக்!" என்று சத்தம் போடுவது ஒரு வகை, அது மோட்டார் குறுக்கே வரும்போது போட்டே ஆக வேண்டிய சத்தம். "உனக்கெல்லாம் எதுக்கு லைசன்ஸ், பேசாம கல்யாணம் கட்டிக்கிட்டுப் போ" என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகை நடந்தால் மகள் உங்களிடம் வந்து சொல்லட்டும், நீங்கள் அன்றே அலுவலகத்துக்குப் போன் போட்டு ஆளை மாற்றச் சொல்லுங்கள். பயிற்றுநரை மாற்றக் கேட்பது தவறே கிடையாது, நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பெண்பிள்ளை தனியாக உட்காருவது பற்றி நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், தயங்க வேண்டாம், இது கேட்க வேண்டிய கேள்வி. பெண் பயிற்றுநர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும் இருக்கிற இடங்கள் இருக்கின்றன, கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரலாம். ஆண் பயிற்றுநர் என்றால், இரண்டு மாணவிகளைச் சேர்த்து அனுப்புங்கள், ஒருத்தி ஓட்டும்போது மற்றவள் பின்சீட்டில் இருக்கட்டும். தோழியோடு சேர்ந்து பதிந்தால் இதைக் கேட்டு வாங்குவது சுலபம். போனில் இடம் தெரிகிற மாதிரி உங்களோடு பகிர்ந்துகொள்ளட்டும். ஸ்டியரிங்கைத் திருத்தப் பயிற்றுநர் கை நீட்ட வேண்டி வரும், அது ஸ்டியரிங் வரைக்கும்தான். கியர் போடும் கையின் மேல் கை வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் எந்தப் பாடத்திலும் இல்லை, வாயால் சொன்னாலே போதும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வாட்ஸ்அப் மெசேஜும் கூடாது. இதையெல்லாம் முதல் வகுப்புக்கு முன்னால் மகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் "அங்கிள், ஓரமா நிறுத்துங்க, அம்மாவுக்குப் போன் பண்ணணும்" என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்து. ஒழுங்கான பயிற்றுநர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓட்டோவா மேனுவலா? லைசன்ஸ் வகை டி என்றால் இரண்டும் ஓட்டலாம், டி.ஏ என்றால் ஓட்டோ மட்டும். டி.ஏ எடுத்துவிட்டுப் பிறகு மேனுவல் வேண்டுமென்றால் திரும்ப டெஸ்ட் எடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது ஓட்டோ, மகள் பயந்த சுபாவம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பயப்படும் பிள்ளைக்கு கிளட்சிலேயே கவனமெல்லாம் போய்விடும், சாலையைப் பார்க்க மிச்சம் இருக்காது. ஓட்டோ எடுக்கட்டும். "ஓட்டோ லைசன்ஸ் எல்லாம் ஒரு லைசன்ஸா" என்று கேலி பேசும் மாமாக்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். வேலைக்காக வேன் ஓட்ட வேண்டி வரும் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் டி எடுங்கள் என்று நானே வற்புறுத்துவேன்.

டெஸ்ட் பாஸ் ஆகி, புது ஓட்டுநர்களுக்குத் தரும் பி லைசன்ஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் முன்னும் பின்னும் பி ஒட்டி ஓட்ட வேண்டும், குற்றங்களுக்குப் புள்ளி விழும், புள்ளி சேர்ந்தால் லைசன்சே ரத்தாகலாம், அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. இந்த இரண்டு வருடத்தில் முதல் மூன்று நான்கு மாதம் உங்கள் கணவருக்குத்தான் வேலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். முதலில் ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலியாக இருக்கும்போது. அப்புறம் வேலை நாள் மாலை ஜேம். அப்புறம் இரவு. மழை பெய்யும் நாளில் வேண்டுமென்றே ஒரு சுற்று, லைட் போட்டு, முன்வண்டிக்கு நிறைய இடம் விட்டு. ஜோர்ஜ்டவுன் ஒருவழிச் சாலைகளில் ஒரு நாள், கடைத்தொகுதி பார்க்கிங்கில் ஒரு நாள்.

பாலத்தைக் கடைசிக்கு வையுங்கள். 1985-இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர். ஏறிவிட்டால் நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் கிடையாது, திரும்பவும் முடியாது. காற்று பக்கவாட்டில் அடிக்கும், பெரிய லோரி தாண்டிப் போகும்போது சின்னக் காடி லேசாக இழுக்கும், புதுப் பிள்ளை அதற்கு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கும். மோட்டார்காரர்கள்தான் உண்மையான பாடம். இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போகிறவர்கள். கண்ணாடியில் மட்டும் பார்த்துவிட்டு லேன் மாறினால், தோளுக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வரும் மோட்டார் அதில் தெரியாது. கண்ணாடி பார், சிக்னல் போடு, தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை, அதற்கப்புறம்தான் ஸ்டியரிங். டெஸ்ட் அன்று எல்லாப் பிள்ளைகளும் அதிகாரிக்குத் தெரியும்படி கழுத்தைத் திருப்புகிறார்கள், பி கிடைத்த மறுவாரம் கழுத்து மறுபடி மரம் மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேறெதையும் கவனிக்க வேண்டாம், அந்தக் கழுத்தை மட்டும் கவனிக்கட்டும். தொடர்ந்து சில தடவை யாரும் ஞாபகப்படுத்தாமல் அவளே திருப்பிப் பார்த்துப் பாலத்தைக் கடந்தால், தனியாக அனுப்பலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிறகு சண்டை வரும் இடம் என்பதால் சொல்கிறேன். பொதுவாக நம் ஊர் மோட்டார் இன்சூரன்சில், ஓட்டியவர் 21 வயதுக்குக் கீழே இருந்தாலோ, பி லைசன்ஸ் வைத்திருந்தாலோ, பாலிசியில் பெயர் இல்லாதவராக இருந்தாலோ, சொந்தக் காடிக்கு கிளேம் செய்யும்போது முதல் 400 வெள்ளியை நீங்கள்தான் ஏற்க வேண்டியிருக்கும். மகள் ஓட்டத் தொடங்கும் முன்பே பாலிசியை எடுத்துப் பாருங்கள், அவள் பெயரைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். அப்படியே, எங்கேயாவது உரசிவிட்டால் முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், போலீஸ் ரிப்போர்ட் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், முன்னால் வந்து நிற்கும் முன்பின் தெரியாத இழுவை லோரிக்காரரிடம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.